‘சிக்கிட்’ என்பது எத்தனை மில்லிமீட்டர்?

குழிப்பணியாரம் சுடுபவர்கள் யாரும் சட்டியை அளந்து பார்த்து மாவு ஊற்றுவதில்லை. ஏழு குழிச் சட்டியோ பன்னிரண்டு குழிச் சட்டியோ, கை தானாகவே பழகிக்கொள்கிறது. குழி ஆழமாக இருந்தால் கரண்டியைக் கொஞ்சம் கூடுதலாகச் சரிக்கிறோம். ஓரத்துக் குழிக்கு மணிக்கட்டைத் திருப்புகிறோம். பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய சட்டியாக இருந்தாலும் இரண்டாவது ஈட்டுக்குள் கைக்கு அத்துப்படியாகிவிடும்.

மருத்துவ ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை பார்க்கும் என் தங்கை, தன் வேலையை எனக்குப் புரியவைக்க இந்தச் சட்டியைத்தான் உதாரணமாக எடுத்துக்கொண்டாள். “அக்கா, எங்க ரோபோவுக்கு அம்மாவோட கை கிடையாது. சட்டி எப்படி இருக்குன்னு நாமதான் முதல்ல எழுதிக் கொடுக்கணும். எழுதினது தப்புன்னா, மாவு அடுப்புல” என்றாள்.

அவள் சொன்ன ‘சட்டி’, உள்ளங்கையில் அடங்கும் ஒரு பிளாஸ்டிக் தட்டு. அதில் எட்டு வரிசை, பன்னிரண்டு பத்தி, மொத்தம் 96 சிறு குழிகள். ரத்த மாதிரிகளைச் சோதிப்பதிலிருந்து புதிய மருந்துகளைத் தேடுவதுவரை உலகெங்கும் ஆய்வுக்கூடங்கள் நம்பியிருப்பது இந்தத் தட்டைத்தான். ஒவ்வொரு குழியும் ஒரு தனிச் சோதனைக் குழாய். ஒரே தட்டில் 96 சோதனைகளை ஒன்றாக நடத்தலாம்.

குழிகளில் திரவம் இட, பிப்பெட் எனும் கருவியைக் கட்டைவிரலால் அழுத்தி உறிஞ்சி, மறுபடி அழுத்தி வெளியேற்ற வேண்டும். ஒரு தட்டில் மூன்று திரவங்கள் சேர்க்க வேண்டுமென்றால், ஒற்றைமுனைப் பிப்பெட்டில் 288 முறை உறிஞ்சி, 288 முறை விடவேண்டும். எட்டு முனைப் பிப்பெட் இருந்தால் வேலை குறையும்; வலி முழுதாகப் போகாது. தங்கையின் கட்டைவிரல் மூட்டு சில ஆண்டுகளாகவே தொல்லை கொடுக்கிறது. வீட்டில் ஜாடி மூடியைத் திறக்க என்னிடம்தான் நீட்டுவாள். ஆகவே, திரவம் கையாளும் ரோபோ அவளுடைய ஆய்வுக்கூடத்துக்கு வந்தபோது அவளைவிட அம்மாதான் அதிகம் மகிழ்ந்தார்.

மகிழ்ச்சியோடு ஒரு புது வேலையும் வந்தது. அந்த ரோபோவின் கை இடம் வலம், முன் பின், மேல் கீழ் என்று மூன்று திசைகளில் துல்லியமாக நகரும். ஆனால் எதிரே இருக்கும் தட்டை அது பார்ப்பதில்லை. தட்டின் அளவுகள் எழுதப்பட்ட ஒரு கணினிக் கோப்பைப் படித்து, அதை நம்பி இறங்குகிறது. அந்தக் கோப்புக்குத் தட்டின் வரையறை என்று பெயர். பரவலாகப் புழங்கும் தட்டுகளின் வரையறைகள் மென்பொருளோடு தயாராக வரும். பட்டியலில் இல்லாத தட்டு கைக்கு வந்தால், நாமே அளந்து எழுத வேண்டும்.

அப்படிப்பட்ட தட்டு எப்போது வரும்? வழக்கமான தட்டு கையிருப்பில் இல்லாதபோது. கொவிட்-19 காலத்தில் பிப்பெட் முனைகளுக்கும் ஆய்வுக்கூடப் பிளாஸ்டிக் பொருள்களுக்கும் உலகெங்கும் தட்டுப்பாடு வந்தது. எது கிடைக்கிறதோ அதை வாங்கிச் சமாளித்த ஆய்வுக்கூடங்கள் பல. சில மாதங்களுக்கு முன் தங்கையிடமும் ஒரு புதுத் தயாரிப்பாளரின் தட்டுப் பெட்டி வந்து சேர்ந்தது. உறைபெட்டியில் நோயாளிகள் ஒப்புதலுடன் கொடுத்த மாதிரிகள் காத்திருந்தன. ஒவ்வொன்றிலும் இருந்தது சில சொட்டுகள். வீணானால் அதே மாதிரியை மறுபடி பெற முடியாது. ஒரு சிகிச்சைக்கு முன்னால் எடுத்த ரத்தத்தை, சிகிச்சைக்குப் பிறகு எப்படிக் கேட்பது?

நல்லவேளையாக, தட்டின் எல்லா அளவுகளும் ஆளுக்கு ஒன்றாக இல்லை. இந்தத் தட்டின் முன்னோடியை 1951ஆம் ஆண்டில் உருவாக்கியவர் ஹங்கேரி நாட்டு மருத்துவர் ஜியூலா டகாட்சி. அக்ரிலிக் பலகையில் ஆறு வரிசைகளாகப் பன்னிரண்டு பன்னிரண்டு குழிகளைக் குடைந்தெடுத்தார். பின்னாளில் 96 குழித் தட்டு பரவியது. பல நிறுவனங்கள் பல அளவுகளில் செய்தால் இயந்திரங்களுக்குப் பொருந்தாதே என்பதால், 2004ஆம் ஆண்டில் அமெரிக்கத் தரநிலை ஒன்று வெளியானது. அதன்படி தட்டின் வெளி நீளம் 127.76 மில்லிமீட்டர், அகலம் 85.48 மில்லிமீட்டர். ஒரு குழியின் மையத்திலிருந்து அடுத்த குழியின் மையம்வரை 9 மில்லிமீட்டர். முதல் குழியான ஏ1-இன் மையம் இடது விளிம்பிலிருந்து 14.38, மேல் விளிம்பிலிருந்து 11.24 மில்லிமீட்டர்.

கணக்குப் பிடித்தவர்கள் கூட்டிப் பார்க்கலாம். பன்னிரண்டு பத்திகளுக்கு இடையே பதினோரு இடைவெளிகள்; பதினொன்றை ஒன்பதால் பெருக்கினால் 99. இரு பக்கமும் 14.38 சேர்த்தால் சரியாக 127.76. புதுத் தட்டை அளந்து எழுதியதும் தங்கை முதலில் போட்டுப் பார்த்தது இந்தக் கணக்கைத்தான். இடைவெளியை 9க்குப் பதில் 9.1 என்று எழுதினால் என்ன ஆகும் என்று கேட்டேன். “ஒன்னாவது குழியில ஒன்னும் தெரியாது. பன்னிரண்டாவதுக்குப் போறதுக்குள்ள 1.1 மில்லிமீட்டர் தள்ளிப் போயிருக்கும்” என்றாள். தொடக்கத்தை மட்டும் பார்த்துத் திருப்தி அடையக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

உண்மையான சிக்கல் ஆழத்தில் இருக்கிறது. குழியின் விட்டம், ஆழம், அடிப்பகுதி தட்டையா, கிண்ணம்போல் வளைந்ததா, கூம்பா என்பதெல்லாம் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். ரோபோ, தட்டின் மொத்த உயரத்திலிருந்து குழியின் ஆழத்தைக் கழித்து, அடிப்பகுதி எங்கே இருக்கிறது என்று கணக்கிடுகிறது. அந்த இரண்டு எண்களில் ஒன்று பிசகினாலும் அடிப்பகுதி இடம் மாறிவிடும்.

ஒரு சொட்டு அளவான 50 மைக்ரோலிட்டர் திரவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் விட்டமுள்ள தட்டையான குழியில் அது 1.3 மில்லிமீட்டர் உயரத்துக்குத்தான் நிற்கும். அடியிலிருந்து அரை மில்லிமீட்டர் மேலே நின்று உறிஞ்சும்படி ரோபோவுக்குச் சொல்கிறோம். ஆனால் கோப்பில் ஆழம் 1.5 மில்லிமீட்டர் குறைவாக எழுதப்பட்டிருந்தால், முனை உண்மையில் நிற்பது 2 மில்லிமீட்டர் உயரத்தில். திரவத்துக்கு மேலே நின்று காற்றை உறிஞ்சும். ஆழம் கூடுதலாக எழுதப்பட்டிருந்தால் முனை அடியில் முட்டி அடைத்துக்கொள்ளும், அல்லது வளைந்துவிடும். முட்டினால் சத்தமாவது கேட்கும். காற்றை உறிஞ்சினால் ஒரு சத்தமும் இல்லை. விலை கூடிய சில இயந்திரங்களில் திரவத்தைத் தொட்டதை உணரும் வசதி உண்டு. அது இல்லாத இயந்திரம், 96 முறை காற்றை எடுத்து 96 முறை காற்றை ஊற்றிவிட்டு, திரையில் ‘முடிந்தது’ என்று காட்டும்.

மூலையும் ஏமாற்றும். சில மென்பொருள்கள் தட்டின் முன்பக்க இடது மூலையிலிருந்து அளக்கும். சில, பின்பக்க இடது மூலையிலிருந்து. இது தெரியாமல் எழுதினால் ஏ வரிசை எச் வரிசையாகிவிடும். தட்டு இரு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதால் முனை அழகாகக் குழிக்குள்ளேயே இறங்கும். எதுவும் முட்டாது. முதல் நோயாளியின் மாதிரி எட்டாவது நோயாளியின் இடத்தில் இருக்கும், அவ்வளவுதான்.

நான் வானொலியில் நிகழ்ச்சி படைப்பவள். ஊடகம் படித்தவள், ஆய்வுக்கூடத்துக்கும் எனக்கும் தூரம் அதிகம். ஆனாலும் தங்கை சொன்னதில் பாதி எனக்குப் பழக்கப்பட்டதாகவே இருந்தது. சிராங்கூன் சாலையில் தீபாவளி ஒளியூட்டு நேரலைக்குப் போனால், “இதோ பாருங்கள், எவ்வளவு அழகு” என்று சொல்லிப் பயனில்லை. நேயருக்கு எதுவும் தெரியாது. வளைவு எங்கே தொடங்குகிறது, என்ன நிறம், எத்தனை மயில் என்று வரிசையாகச் சொல்லவேண்டும். ஆனால் என் நேயர்கள் கருணையுள்ளவர்கள். நான் விட்டதை அவர்கள் போன ஆண்டு பார்த்த தேக்காவின் நினைவிலிருந்து நிரப்பிக்கொள்வார்கள். தங்கையின் ‘நேயருக்கு’ நினைவு கிடையாது. சொல்லாததை அது ஊகிக்காது. தவறாகச் சொன்னதைச் சந்தேகிக்காது.

எழுதத் தெரிந்தவர் வேறு, கைப்பழக்கம் உள்ளவர் வேறு என்பதுதான் இதில் அடுத்த சிரமம். தங்கையின் ஆய்வுக்கூடத்தில் ஒரு மூத்த மலாய் அம்மையார் பல ஆண்டுகளாக வேலை பார்க்கிறார். எல்லாருக்கும் அவர் மக்சிக். குழியின் அடியில் செல்கள் ஒட்டியிருக்கும்போது, அவற்றைக் கலைக்காமல் மேலே உள்ள திரவத்தை மட்டும் எடுப்பதில் அவருக்கு நிகர் யாருமில்லை. அடியிலிருந்து எவ்வளவு தூரத்தில் முனையை நிறுத்துவீர்கள் என்று தங்கை கேட்டிருக்கிறாள். அவர் சிரித்துக்கொண்டே, “சிக்கிட்” என்றாராம். கொஞ்சம்.

கொஞ்சம் என்பதை மென்பொருளில் எழுத முடியாது. ஆகவே தங்கை அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, வெறும் தண்ணீரில் அதே வேலையைச் செய்யச் சொன்னாள். முனை அடியைத் தொட்டபோது குழியின் விளிம்பு இருந்த இடத்தில் முனைமேல் மெல்லிய கோடு ஒன்று. அவர் வழக்கமாக நிறுத்தும் இடத்தில் இன்னொரு கோடு. திரும்பத் திரும்பச் செய்தபோதும் இரண்டு கோடுகளுக்கும் இடைப்பட்ட தூரம் ஒரு மில்லிமீட்டரைச் சுற்றியே இருந்தது. அத்தனை ஆண்டுப் பழக்கம் அவ்வளவு நிலையாக இருப்பதைப் பார்த்து, மக்சிக்கே வியந்துபோனாராம். தன் கை ஓர் எண்ணை வைத்திருந்தது அவருக்கே அன்றுதான் தெரிந்தது.

இதைக் கேட்டபோது எனக்கு ஒரு கேள்வி. அந்த எண்ணைக் கொடுத்துவிட்டால் மக்சிக்கின் வேலை என்னாகும்? நம் வயதுக்காரர்கள் பலரை இரவில் தூங்கவிடாத கேள்வி இது. தங்கை உடனே பதில் சொல்லவில்லை. பிறகு, “ரோபோ தட்டை நிரப்பும். நிரப்பினது சரியான்னு பார்க்கத் தெரிஞ்ச ஆள் இன்னும் மக்சிக்தான்” என்றாள்.

அது வெறும் ஆறுதல் வார்த்தை இல்லை என்பது சோதனை நாளில் தெரிந்தது. வரையறையை எழுதி முடித்ததும் நேராக மாதிரிகளில் கைவைக்க முடியாது. முதலில் வெறும் தட்டில், நான்கு மூலைக் குழிகளுக்கும் முனையை மெதுவாக இறக்கிப் பார்த்தார்கள். அடுத்து, ஏ1 குழியில் மட்டும் சிவப்புச் சாயம் விட்டு, அது உண்மையிலேயே ஏ1 தானா என்று பார்த்தார்கள். பிறகு தராசு. காலித் தட்டை நிறுத்து, குழிக்கு 100 மைக்ரோலிட்டர் வீதம் 96 குழிகளிலும் தண்ணீர் நிரப்பி, மறுபடி நிறுத்தால் ஏறத்தாழ 9.6 கிராம் கூடியிருக்க வேண்டும். கூடியிருந்தது. மக்சிக் மட்டும் தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, ஓரத்துப் பத்தியில் சில குழிகளின் சுவரில் துளிகள் தொங்குவதைக் காட்டினார். மொத்த எடை சரியாக இருந்தும், ஓரத்தில் முனை சுவரை உரசியிருக்கிறது. தட்டு உட்காரும் இடத்தைச் சற்றே திருத்திய பிறகு துளிகள் நின்றன. அதற்குப் பிறகுதான் உறைபெட்டி திறந்தது.

தன் வேலையின் சிறந்த பகுதி எது என்று தங்கையைக் கேட்டால், அவள் சொல்வது ரோபோவைப் பற்றி அல்ல. அந்தக் கோப்பின் குறிப்புப் பகுதியைச் சொல்கிறாள். எந்தத் தட்டு, எந்த மூலையிலிருந்து அளந்தது, எந்தக் கருவியால் அளந்தது, என்று சோதித்தது, யார் சரிபார்த்தது. அங்கே மக்சிக்கின் பெயரும் இருக்கிறது. நாளைக்கு இவர்கள் இருவரும் வேறிடம் போனாலும், புதிதாக வேலைக்குச் சேரும் ஒரு பிள்ளை அதைத் திறந்து படித்து, தயக்கமில்லாமல் பொத்தானை அழுத்தலாம்.

நம் குடும்பங்களில் பிள்ளைகள் “லேபில் வேலை”, “ஐடியில் வேலை” என்று சொன்னதும் நாம் அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறோம். இந்த வாரம் சாப்பாட்டு மேசையில் இன்னும் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: இன்று நீ எதை அளந்தாய்? அப்படியே அம்மாவிடமும் கேளுங்கள், அவருடைய ‘கொஞ்சம் உப்பு’ எவ்வளவு என்று. ஒரு கரண்டியும் தாளும் எழுதுகோலும் பக்கத்தில் இருக்கட்டும்.