சாய்ந்தும் வீழாத மணிக்கோபுரம்

இத்தாலி நாட்டின் புளோரன்ஸ் நகரிலிருந்து இரயிலில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் பயணம் செய்தால் பீசா நகரை அடையலாம். ஆர்னோ ஆறு கடலோடு கலப்பதற்குச் சற்று முன்னதாக இந்நகரின் நடுவே ஓடுகின்றது. நிலையத்தில் இறங்கி, ஆற்றுப் பாலத்தைக் கடந்து, நகரின் வடமேற்கு மூலையை நோக்கி நடப்போமாயின், பழைய மதிலை அடுத்துப் பசும்புல் வெளியொன்று விரிகின்றது. அதன்மீது வெண்சலவைக் கல்லாலான நான்கு கட்டடங்கள் எழுந்து நிற்கின்றன. பேராலயம், திருமுழுக்கு ஆலயம், கல்லறை வளாகம், மணிக்கோபுரம் என்பவையே அவை.

இங்கு வருவோரில் பெரும்பாலோர் கோபுரத்தையே நாடுகின்றனர். அதைத் தம் கைகளால் தாங்கிப் பிடிப்பது போல் நின்று படம் எடுத்துக்கொண்டு மகிழ்கின்றனர். நம் இல்லத்துச் சிறுவர்களும் அப்படத்தைக் கண்டவுடன் கேள்விமேல் கேள்வி கேட்பர். அவற்றுள் சிலவற்றிற்கு விடை காண்போம்.

எதற்காக எழுப்பப்பட்டது?

பலர் எண்ணுவது போல் இது வெற்றுக் காட்சிப் பொருளன்று. விண்ணேற்படைந்த தேவமாதாவின் பெயரால் விளங்கும் பேராலயத்தின் மணிக்கூண்டு இது. 1118ஆம் ஆண்டில் பாப்பரசர் இரண்டாம் ஜெலாசியுஸ் அவ்வாலயத்தை அர்ச்சித்தார். அக்காலத்தில் பீசா கடல் வாணிபத்தால் செழித்த குடியரசு. ஆயினும், கோபுரத்திற்கென்று கிடைத்த பழைய கொடைகளுள் நம் நினைவில் நிற்க வேண்டியது ஒரு கைம்பெண்ணின் கொடையே. பேர்த்தா டி பெர்னார்டோ என்னும் அம்மையார் 1172ஆம் ஆண்டில் மணிக்கோபுரத்திற்குக் கற்கள் வாங்குமாறு 60 நாணயங்களைத் தம் விருப்ப ஆவணத்தில் எழுதி வைத்தார். நற்செய்தியில் இரு காசுகளைக் காணிக்கையாக இட்ட கைம்பெண்ணை எண்ணாமல் இச்செய்தியைப் படிக்க இயலுமோ?

ஏன் சாய்ந்தது?

1173ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் வேலை தொடங்கிற்று. ஏறத்தாழ 56 மீட்டர் உயரமும் 14,500 டன் எடையும் கொள்ளவிருந்த கோபுரத்திற்கு இட்ட அடித்தளத்தின் ஆழமோ வெறும் 3 மீட்டர். கீழே இருந்ததோ ஆறும் கடலும் கொண்டுவந்து சேர்த்த வண்டலும் மென்களிமண்ணும். 1178இல் மூன்றாம் அடுக்கை எட்டிய அளவில் வேலை நின்றது. 1272இல் மீண்டும் தொடங்கி, 1284இல் ஜெனோவாவுடன் நடந்த மெலோரியா கடற்போரில் பீசா தோற்றபின் மறுபடியும் நின்றது. ஏழாம் அடுக்கு 1319இலும், மணிகள் தொங்கும் உச்சி அறை 1372ஐ ஒட்டியும் நிறைவெய்தின. ஏறத்தாழ இருநூறு ஆண்டுப் பணி!

கட்டும்போதே கோபுரம் தென்புறம் சாய்வதைக் கண்ட சிற்பிகள், மேலடுக்குகளைச் சற்றே வடபுறம் திருப்பிக் கட்டினர். எனவே கோபுரம் நேர்க்கோடாக இராமல் மெல்ல வளைந்து நிற்கின்றது. உச்சி அறைக்கு ஏறத் தென்புறம் ஆறு படிகளும் வடபுறம் நான்கு படிகளும் அமைத்தனர்.

அன்றே ஏன் விழவில்லை?

வியப்பு யாதெனில், தடைகளே அதைக் காத்தன என்பதுதான். தொடர்ந்து கட்டியிருந்தால் கீழிருந்த களிமண் பளுவைத் தாங்காது சரிந்திருக்கும் என்பது அறிஞர் முடிவு. வேலை நின்று கிடந்த ஏறத்தாழ நூறு ஆண்டுகளில் மண் அழுந்தி, இறுகி, வலிமை பெற்றது. அன்று கட்டியோர் தோல்வி என்று கருதி வருந்திய காலம் கோபுரத்திற்கு நற்காலமாயிற்று.

நிமிர்த்த முயலவில்லையா?

முயன்றனர், ஆனால் அவசரம் துன்பத்தையே தந்தது. 1838இல் புதைந்த அடிப்பகுதியைக் காணும் பொருட்டுச் சுற்றிலும் பள்ளம் தோண்டினர், சாய்வு மிகுந்தது. 1934இல் அடித்தளத்தில் சிமெண்டுக் கலவையைச் செலுத்தினர். அப்போதும் சாய்வு கூடிற்று. 1989 மார்ச்சு மாதம் பவியா நகரின் பழைய கோபுரம் திடீரென இடிந்து நால்வர் உயிரிழந்தனர். அவ்வதிர்ச்சிக்குப் பின் 1990 ஜனவரியில் பீசா கோபுரத்தின் கதவை அடைத்தனர். அந்நாளில் அதன் உச்சி ஏறத்தாழ 4½ மீட்டர் தூரம் விலகி நின்றது.

பன்னாட்டு அறிஞர் குழு பொறுப்பேற்றது. 1993இல் வடபுற அடியில் 600 டன் ஈயக்கட்டிகளை எடையாக வைத்தனர். 1995 செப்டம்பரில் மண்ணை உறைய வைத்துச் செய்த ஒரு முயற்சியின்போது, ஓராண்டில் சாயும் அளவு ஒரே இரவில் சாய்ந்தது! ஈயத்தைக் கூட்டி விபத்தைத் தவிர்த்தனர். இறுதியில் கண்ட வழி மிக எளியது. சாய்ந்த பக்கத்தைத் தூக்க முயலாமல், உயர்ந்து நின்ற வடபுறத்தின் அடியிலிருந்து சாய்வான துளைகள் வழியே மண்ணைச் சிறிது சிறிதாக எடுத்தனர். 1999 முதல் 2001 வரை எடுத்த மண் மொத்தம் ஏறத்தாழ 38 கன மீட்டரே. கோபுரம் தானாகவே வடக்கு நோக்கி அமர, உச்சி ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் மீண்டது. 2001 டிசம்பரில் மக்கள் மறுபடியும் படியேறினர்.

முழுவதும் நேராக்கியிருக்கலாகாதா?

வளைத்துக் கட்டிய கோபுரத்தை எவ்வளவு திருப்பினாலும் அது செங்குத்தாகாது. மேலும், நேராக்குதல் அறிஞரின் நோக்கமன்று. வீழாமல் காத்தலே நோக்கம்.

மணிகள் இன்றும் ஒலிக்கின்றனவா?

ஆம். உச்சியில் ஏழு மணிகள் உள்ளன. 1262இல் வார்க்கப்பட்ட ஒன்று உயிர்ப்புப் பெருவிழாவின் பெயரைத் தாங்குகின்றது. யாவற்றிலும் பெரியது விண்ணேற்பு அன்னையின் பெயரைப் பெற்றது. எடை 3½ டன்னுக்கும் மேல். பேராலயத் திருப்பலிக்கு முன்னும் நண்பகலிலும் அவை ஒலிக்கின்றன. புல்வெளியில் படம் எடுப்போரும் அவ்வேளை ஒரு கணம் தலைநிமிர்ந்து நோக்குவர்.

அன்பர்களே, சாய்ந்து போனோர் எக்குடும்பத்தில்தான் இல்லை? குடிக்கு அடிமையான தந்தை, வழிதவறிய மகன், மனம் கசந்து விலகிய உடன்பிறந்தார்! அவர்களை ஒரே நாளில் இழுத்து நிமிர்த்த முற்பட்டு, சாய்வை மிகுதியாக்கியோர் நம்மில் பலர். பீசா அறிஞர்கள் சாய்ந்த பக்கத்தைத் தொடவில்லை. உயர்ந்து நின்ற பக்கத்திலன்றோ மண்ணை எடுத்தனர்? நம்முடைய செருக்கிலும் கடுஞ்சொல்லிலும் ஒரு பிடியை நாள்தோறும் குறைத்துக்கொண்டு பொறுத்திருப்போமாயின், அவர்களும் சிறிதளவேனும் நம் பக்கம் திரும்புவர். முற்றும் நேராகாவிடினும் வீழாமல் நிற்பர். எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சாய்ந்தே நிற்கும் அக்கோபுரத்திலிருந்தும் இறைவனின் அழைப்பொலி இன்றும் கேட்கின்றதல்லவா?