கழற்றும் முன் கேட்கும் கேள்விகள்

சென்னை அண்ணா சாலையிலிருந்து ரிச்சி தெருவுக்குள் திரும்பினால் கேபிள் சுருள்களும் செல்போன் உறைகளும்தான் முதலில் கண்ணில் படும். கேம் கன்சோல் பழுது பார்ப்பவர்களைத் தேடி நான் போன கடைகள் மாடியில் இருந்தன. ஒரு மேசை, காந்த முனை வைத்த ஸ்க்ரூடிரைவர்கள், தூசி தட்டும் பிரஷ், தெர்மல் பேஸ்ட், சோதித்துப் பார்க்க ஒரு பழைய டிவி. இங்கே ஹார்ட் டிஸ்க் மாற்றுவதற்குச் சின்ன வேலை என்றே பெயர். சூடேறி அணைந்துபோகும் கன்சோலும், எச்டிஎம்ஐ சொருகும் இடம் உடைந்த கன்சோலும்தான் பெரிய வேலைகள். இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது என்று நினைக்கிறேன். டிஸ்க்கைக் கழற்றி மாட்டுவது சில நிமிடம்தான். அதற்கு முன்னால் கேட்கும் கேள்விகளிலும் அதற்குப் பின்னால் காத்திருக்கும் மணிநேரங்களிலும்தான் தொழில் இருக்கிறது. வாடிக்கையாளர் காசு கொடுத்து வாங்கிய பொருள் இந்த மாற்றத்துக்குப் பிறகும் அவரிடம் இருக்குமா என்பது அந்தத் தொழிலைப் பொறுத்தது.

முதல் பிளேஸ்டேஷன் 4 மாடல் 2013 நவம்பரில் 500 ஜிபி டிஸ்க்குடன் வந்தது. நிமிடத்துக்கு 5,400 சுற்று சுற்றும், லேப்டாப்பில் இருப்பது போன்ற இரண்டரை அங்குல டிஸ்க். ஒரு பெரிய கேம் மட்டுமே 100 ஜிபி கேட்கும் காலம் வந்த பிறகு, கடைக்கு வருகிற கன்சோல்களில் பாதி வேலை இட நெருக்கடியால் வருகிறது என்றால் வியப்பில்லை. அந்த டிஸ்க்கைக் கழற்றுவதைக் கிட்டத்தில் நின்று பார்த்தேன். மேல்மூடியின் பளபளப்பான பகுதியை உள்ளங்கையால் அழுத்தி ஓரமாகத் தள்ளினால் கழன்று வந்துவிடுகிறது. உள்ளே ஒரே ஒரு பெரிய ஸ்க்ரூ. அதன் தலையில் முக்கோணம், வட்டம், பெருக்கல் குறி, சதுரம் என்று கன்ட்ரோலரின் நான்கு குறிகளும் பொறித்திருக்கின்றன. அதைத் திருகி எடுத்தால் டிஸ்க் இருக்கும் தட்டு இழுப்பறை மாதிரி வெளியே வருகிறது. தட்டில் நான்கு சிறிய ஸ்க்ரூக்கள், அவ்வளவுதான். சீல் ஸ்டிக்கர் எதையும் கிழிக்க வேண்டியதில்லை. செய்முறையைச் சோனி நிறுவனமே வெளியிட்டிருக்கிறது: புது டிஸ்க் 9.5 மில்லிமீட்டருக்கு மேல் தடிக்கக் கூடாது, 160 ஜிபிக்குக் குறையக் கூடாது. அந்த ஸ்க்ரூவின் தலையைப் பார்த்தால், வாங்கியவர் ஒருநாள் இதைத் திறப்பார் என்று வடிவமைத்தவர்கள் எதிர்பார்த்தே செய்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. யாரும் பார்க்கப் போகாத ஸ்க்ரூவில் யாரும் குறி பொறிக்க மாட்டார்கள்.

ஆனால் தேர்ந்த கைக்காரர் ஸ்க்ரூடிரைவரை முதலில் எடுப்பதில்லை. "தம்பி, இதெல்லாம் யார் அக்கவுண்ட்ல வாங்கினது? பாஸ்வேர்ட் ஞாபகம் இருக்கா?" என்பதுதான் முதல் கேள்வி. காரணம் இருக்கிறது. கேம் என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்வதற்குள் மூன்று தனித்தனிப் பொருள்கள் இருக்கின்றன. டிஸ்க்கில் கிடக்கும் பல்லாயிரம் மெகாபைட் தரவு ஒன்று. விளையாடி விளையாடிச் சேர்த்த சேவ் இன்னொன்று. இதை இயக்க உனக்கு உரிமை உண்டு என்று அக்கவுண்ட் தருகிற லைசென்ஸ் மூன்றாவது. தரவைத் திரும்ப டவுன்லோட் செய்யலாம். சேவ், மாதச் சந்தா கட்டி இணையத்தில் ஏற்றியோ யூஎஸ்பியில் எடுத்தோ வைக்காதவரை, அந்த டிஸ்க்கில் மட்டுமே இருக்கிறது. லைசென்ஸ் டிஸ்க்கில் தேடினாலும் முழுதாகக் கிடைக்காது. நிறுவனத்தின் சர்வரில் உள்ள அக்கவுண்ட்டோடு கட்டுண்டிருக்கிறது. கழற்றிய டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் மாட்டினால் படிக்க முடியாது, வேறொரு பிளேஸ்டேஷன் 4-இல் போட்டால் ஃபார்மட் செய்யச் சொல்லும். அந்தந்தக் கன்சோலுக்கென்று பூட்டிய தரவு அது. நம் ஊரில் கைமாறி வந்த கன்சோல்கள் நிறைய. அண்ணன் அக்கவுண்ட்டில் வாங்கிய கேமைத் தம்பி விளையாடுவதும், அந்த அக்கவுண்ட்டோடு இணைத்த செல் நம்பர் கைவிட்டுப் போயிருப்பதும் சாதாரணம். பழைய டிஸ்க் உள்ளே இருக்கும்வரை எதுவும் கெடாது. புது டிஸ்க்கில் சிஸ்டத்தை ஏற்றியதும் அக்கவுண்ட்டுக்குள் மறுபடி நுழையச் சொல்லும்போதுதான் சிக்கல் வெளியே வரும். அப்போது ஸ்க்ரூடிரைவரால் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை.

அதனால்தான் வேலையின் ஒழுங்கு முக்கியம். விளையாட்டில் சாதித்ததற்குக் கிடைக்கும் டிராஃபிகள் பேக்கப்பில் சேராது, ஆகவே முதலில் அவற்றைச் சர்வரோடு சிங்க் செய்ய வேண்டும். பிறகு வெளி டிஸ்க் ஒன்றை எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்து முழு பேக்கப். நொடிக்கு 30 மெகாபைட் என்று வைத்துக்கொண்டால் 300 ஜிபி எழுத மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகும், திரும்ப ஏற்றவும் அதே அளவு. நடுவில் கரண்ட் போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டி வரலாம் என்பதால் யூபிஎஸ் இல்லாமல் தொடங்காத கடைக்காரரை நான் மதிக்கிறேன். புது டிஸ்க்கை மாட்டியதும் பவர் பட்டனை அழுத்திப் பிடிக்கிறார்கள். ஒரு பீப். விரலை எடுக்காமல் ஏழு விநாடிபோலக் காத்தால் இரண்டாவது பீப், சேஃப் மோட் திரை வருகிறது. ஏழாவது தேர்வில் சிஸ்டம் மென்பொருள் யூஎஸ்பியிலிருந்து ஏறுகிறது. இங்கே வாடிக்கையாளர்கள் தவறவிடும் ஒரு நுணுக்கம் உண்டு: சாதாரண அப்டேட் கோப்பு போதாது, சுமார் ஒரு ஜிபி வரும் முழுக் கோப்பு வேண்டும். இரண்டுக்கும் ஒரே பெயர் என்பதால் ஏமாறுவது எளிது. பேக்கப் ஏறி, சேவ்கள் ஒவ்வொன்றும் திறக்கிறதா என்று பார்க்கும்வரை பழைய டிஸ்க்கில் கை வைக்கக் கூடாது என்பது எழுதாத விதி.

இவ்வளவு பாடு எதற்கு, வாங்கிய கேமை எப்போது வேண்டுமானாலும் மறுபடி இறக்கிக்கொள்ளலாமே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பெரும்பாலான கேம்களுக்கு அது உண்மையும்கூட. ஆனால் 40 எம்பிபிஎஸ் இணைப்பில் 400 ஜிபி இறக்க இடைவிடாமல் 22 மணி நேரம் ஆகும். மாத அளவு தீர்ந்ததும் வேகம் குறையும் பிளானில் அது நாள் கணக்காக நீளும். அது வெறும் அசௌகரியம். பெரிய விஷயம் வேறு. கொனாமி நிறுவனம் 2014 ஆகஸ்டில் இலவசமாக வெளியிட்ட பி.டி. என்ற திகில் கேமை 2015 ஏப்ரல் இறுதியில் பிளேஸ்டேஷனின் இணையக் கடையிலிருந்து எடுத்தது. ஏற்கனவே வாங்கியவர்களும் பிறகு அதை மறுபடி இறக்க முடியாமல் போனது. அந்த கேம் இருக்கும் டிஸ்க்கைத் தெரியாமல் ஃபார்மட் செய்தால் அதைச் சரிசெய்ய உலகில் கடையே இல்லை. நின்டெண்டோவின் வீ கன்சோலுக்கான இணையக் கடை 2019 ஜனவரியில் மூடியது, 3டிஎஸ், வீ யூ கடைகள் 2023 மார்ச்சில் மூடின, எக்ஸ்பாக்ஸ் 360 கடை 2024 ஜூலையில். விற்பனை நின்ற பிறகும் வாங்கியதை இறக்க வழி விட்டிருக்கிறார்கள், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த வழி அவர்கள் தயவில் இருக்கிறது. 2025 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த கலிஃபோர்னியச் சட்டம், நீங்கள் வாங்குவது லைசென்ஸ் மட்டுமே என்று டிஜிட்டல் கடைகள் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்கிறது. இந்த மேசையில் தினமும் கேட்கும் முதல் கேள்விக்குள் அதே உண்மை இருக்கிறது.

இன்னொரு மறுப்பு, பூட்டைப் பற்றியது. டிஸ்க்கைப் பூட்டாவிட்டால் திருட்டு நகல் பெருகும், இந்தத் தெருக்களே அதற்குச் சாட்சி என்பார்கள். உண்மைதான், பழைய கன்சோல்களில் காசு வாங்கிக்கொண்டு கேம்களை நிரப்பித் தந்த வியாபாரம் இந்தியாவின் எலக்ட்ரானிக்ஸ் சந்தைகளில் தாராளமாக நடந்தது. ஆனால் பூட்டும் மாற்றும் வசதியும் ஒன்றுக்கொன்று எதிரி என்பதை பிளேஸ்டேஷன் 3-உம் 4-உம் பொய்யாக்கின. தரவு பூட்டியே இருந்தது, டிஸ்க்கை யாரும் மாற்றலாம். அதே காலத்து எக்ஸ்பாக்ஸ் 360, நிறுவனத்தின் சொந்த உறையில் வந்த டிஸ்க்கையே கேட்டது. அங்கே பூட்டு கேமைக் காத்ததைவிட டிஸ்க் விற்பனையைக் காத்தது என்பது என் கணிப்பு. நேர்மையாக வேலை செய்பவர் வாடிக்கையாளரின் சொந்த அக்கவுண்ட்டை அவரையே திறக்கச் சொல்லி, பாஸ்வேர்டை அவர் கையாலேயே அடிக்க வைக்கிறார். திருட்டு நகல்காரனையும் இவரையும் ஒரே பெயரில் அழைப்பது அநியாயம்.

கவலை தருவது, வழி குறுகி வருகிறது என்பதுதான். 2020 நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 5-இன் 825 ஜிபி சேமிப்பு போர்டிலேயே பற்றவைத்தது. 2021 செப்டம்பர் அப்டேட் எம்.2 எஸ்எஸ்டி ஒன்றைக் கூடுதலாகச் சொருக இடம் தந்தது. நல்ல வசதி, ஹீட்சிங்க்கோடு சேர்த்து 11.25 மில்லிமீட்டர் உயரத்துக்குள் அடங்கினால் போதும், கேம்களை மெனுவிலேயே நகர்த்தலாம். ஆனால் அது கூட்டல் மட்டுமே. பற்றவைத்த சிப் செத்தால் டிஸ்க் மாற்றுபவரிடம் சொல்லிப் பயனில்லை, போர்டு வேலை தெரிந்தவர் வேண்டும். பிளேஸ்டேஷன் 4-இல் ஒரு சேவ் கோப்பை மட்டும் தனியே யூஎஸ்பியில் எடுத்துக்கொள்ளலாம். பிளேஸ்டேஷன் 5 கேம்களின் சேவுக்கு அந்த வசதி இல்லை. முழு பேக்கப் எடுக்க வேண்டும், இல்லையென்றால் சந்தா கட்ட வேண்டும். வேகத்துக்காகப் பற்றவைத்தார்கள் என்ற பதிலை ஓரளவு ஏற்கலாம், சேவ் விஷயத்தில் அந்தப் பதில் செல்லாது. எதிர்த்துக் கேட்டால் நடக்கிறது என்பதற்கும் உதாரணம் உண்டு. பிளேஸ்டேஷன் 3 கடையை மூடுவதாக 2021 மார்ச்சில் அறிவித்த சோனி, எதிர்ப்புக்குப் பின் ஏப்ரலிலேயே பின்வாங்கியது. பிளேஸ்டேஷன் 4-க்குள் இருக்கும் காசு அளவு பேட்டரி தீர்ந்து, இணையமும் இல்லாமல் போனால் கேம்கள் திறக்க மறுத்த குறை, அதே ஆண்டு செப்டம்பரில் 9.00 அப்டேட்டோடு தீர்ந்தது.

இந்தத் தொழிலுக்குள்ளேயே ஒன்று மாற வேண்டும் என்பேன். நான் பார்த்த பில்களில் டிஸ்க்கின் விலை ஒரு வரி, கூலி ஒரு வரி. கூலி ஸ்க்ரூவுக்கானது. சிங்க் செய்தது, பேக்கப் எடுத்தது, ஆறு மணி நேரம் காவல் இருந்தது, சேவ்களைத் திறந்து பார்த்தது எதற்கும் வரி இல்லை. அதனால்தான் பக்கத்துக் கடையில் கேள்வி கேட்காமல் அரை மணியில் மாற்றித் தருபவருக்கும் இவருக்கும் ஒரே கூலி கிடைக்கிறது. தரவு மாற்றம் என்று தனி வரி போட்டு, எந்த அக்கவுண்ட், எத்தனை ஜிபி, பழைய டிஸ்க் திருப்பித் தந்தது ஆகியவற்றை அதன் கீழே எழுதிக் கையெழுத்து வாங்கலாம். ஒரு மேசையில் பழைய டிஸ்க்கைச் சாம்பல் நிறக் கவரில் போட்டு, கன்சோலின் சீரியல் எண்ணையும் தேதியையும் மார்க்கரில் எழுதிக் கையில் கொடுத்தார்கள். "ஒரு மாசம் ஃபார்மட் பண்ணாதீங்க சார்" என்றார் கொடுத்தவர்.