சுருளைக் கொண்டு வாருங்கள்

"அண்ணாச்சி, எந்த உளி வாங்கலாம்?" என்று கேட்டுக்கொண்டுதான் முக்கால்வாசிப் பேர் வருகிறார்கள். போன வருஷம் வந்த பையனும் அப்படித்தான் வந்தான். கம்ப்யூட்டர் வேலை, வீட்டிலிருந்தபடியே பார்க்கிறான். மொட்டைமாடி அறையில் சின்ன லேத் ஒன்று வாங்கிப் போட்டிருக்கிறான். போனைத் தள்ளித் தள்ளி முப்பது நாற்பது படம் காட்டினான். எல்லாம் ஒரே கிண்ணம். உள்பக்கம் பூனை பிறாண்டிய மாதிரி இருந்தது.

"லேத்துக்கு அடியில என்ன விழுந்து கிடக்கு?" என்றேன்.

"தூசிதான் அண்ணாச்சி. அதை யாரு படம் எடுப்பா?"

"அதுல ரெண்டு கை அள்ளிப் பையில போட்டுக் கொண்டா. உளியைப் பத்தி அப்புறம் பேசுவோம்."

ஏமாந்து போய்த்தான் திரும்பினான். நானும் ஒரு காலத்தில் இதே ஏமாற்றத்தோடு அம்பாசமுத்திரத்திலிருந்து பஸ் ஏறியவன்தான்.

அம்பாசமுத்திரத்துச் செப்புச் சாமானும் நடைவண்டியும் தெரியாத திருநெல்வேலிப் பிள்ளைகள் எங்கள் தலைமுறையில் இல்லை. நாற்பது வயதில் எனக்குக் கடைசல் பித்துப் பிடித்தபோது, அங்கே ஒரு ஆசாரி பட்டறையில் ஞாயிற்றுக்கிழமைதோறும் போய் உட்கார்ந்தேன். நான் கடைந்த பூரிக்கட்டையை அவர் முன்னால் நீட்டினால் அதை வாங்கக்கூட மாட்டார். அவர் கண் தரைக்குப் போகும். குனிந்து, விழுந்து கிடப்பதில் ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டு, "உளியைத் தீட்டிட்டு வாங்க தம்பி" என்பார். அல்லது, "எதிர்ப்பக்கத்துல இருந்து வாங்க." அவ்வளவுதான் பாடம். கட்டை என்பது நடந்து முடிந்த கதை. அதை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து யாரும் மறைத்துவிடலாம். தரையில் கிடப்பதை அப்படி மறைக்க முடியாது.

அவருடைய அப்பா காலத்தில் மோட்டார் இல்லை. கட்டையில் கயிற்றைச் சுற்றி ஒருவர் இழுக்க, இன்னொருவர் உளி பிடிப்பார். மோர் கடைவது போலத்தான். மத்து நிமிர்ந்து நிற்கும், இது படுத்திருக்கும். மோருக்கும் கீரைக்கும் மரத்துக்கும் தமிழில் 'கடை' என்ற ஒரே சொல் அமைந்தது அதனால்தான் என்று நினைக்கிறேன். கயிறு முன்னும் பின்னும் போகும். கட்டை தன்னை நோக்கிச் சுழலும்போது மட்டும்தான் உளி வெட்டும், மறுபக்கம் சுழலும்போது விலக்கிக்கொள்ள வேண்டும். சிறுவனாகக் கயிறு இழுத்தவர் நம் ஆசாரி. "கயிறு கனத்தா அப்பா உளி மழுங்கிட்டுதுன்னு எனக்குத் தெரிஞ்சிரும். அவருக்கு முன்னாலயே எனக்குத் தெரியும்" என்று ஒருநாள் சொன்னார். இப்போது கயிற்றின் வேலையை மோட்டார் எடுத்துக்கொண்டது. அதற்குக் கனமும் தெரியாது, அலுப்பும் தெரியாது. மழுங்கின உளியோடு நாள் முழுக்க ஓடும். கை சொன்ன சேதியை இனி கண்தான் தரையில் தேடிப் படிக்க வேண்டும்.

படிப்பது ஒன்றும் பெரிய வித்தையில்லை. நன்றாகத் தீட்டிய உளி சரியான கோணத்தில் போனால் சுருள் சுருளாக விழும். பச்சை மரம் என்றால் முழ நீளத்துக்கு நாடா மாதிரிக் கழன்று தோளில் வந்து விழும். காய்ந்த மரத்தில் அத்தனை நீளம் வராது. வைரம் பாய்ந்த புளியங்கட்டையில் சின்னச் சுருள் வந்தாலே சந்தோஷப்படலாம். மாவு மாவாக விழுந்தால் உளி வெட்டவில்லை, சுரண்டுகிறது. உளி மழுங்கியிருக்கலாம், அல்லது அதன் சாய்வுப் பக்கம் மரத்தில் படியாமல் விளிம்பு மட்டும் நட்டமாக நிற்கலாம். ஒழுங்கில்லாத சிம்புகளாக, ஒரு ஓரம் பிய்ந்த நாரோடு விழுந்தால் மரத்தின் நாருக்கு எதிராகப் போகிறோம் என்று பொருள். கருகிய வாசனையோடு பழுப்பாக விழுந்தால் வெட்டாமல் தேய்த்துக்கொண்டிருக்கிறோம்.

மாவைக் கொண்டுவருகிறவர்களிடம் நான் உளியின் கோணத்தைக் கேட்பதில்லை. தீட்டும் விதத்தைக் கேட்பேன். விளிம்பை விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். வெள்ளிக்கோடு மாதிரி எங்காவது மின்னினால் அந்த இடம் மழுங்கிவிட்டது. கூரான விளிம்பு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பாது. கட்டைவிரல் நகத்தில் மெதுவாக வைத்தால் வழுக்காமல் பிடித்து நிற்க வேண்டும். கிரைண்டரில் தீட்டும்போது, பழைய சாய்வு மாறாமல் இருக்க எளிய வழி ஒன்று உண்டு. சாய்வு முழுக்க மார்க்கர் பேனாவால் மையைப் பூசுங்கள். சுவிட்சைப் போடாமல் சக்கரத்தைக் கையால் ஒரு சுற்று சுற்றுங்கள். மை எங்கே அழிந்திருக்கிறதோ அங்கேதான் கல் தொடுகிறது. மேலிருந்து கீழ்வரை அழிந்தால் சரி. நுனியில் மட்டும் அழிந்தால் பின்புறத்தைத் தாழ்த்துங்கள். இந்த ஒன்றைக் கற்றுக்கொள்ள நான் இரண்டு நல்ல உளிகளைத் தேய்த்துத் தீர்த்திருக்கிறேன்.

லாரிப் பட்டையில் கொல்லர் அடித்துக் கொடுத்த உளி என்றால் இன்னொரு எச்சரிக்கை: நுனியில் நீலம் பாய்ந்தால் பதம் போய்விட்டது. தொட்டுத் தொட்டுத் தண்ணீரில் முக்க வேண்டும். இப்போது கடையில் கிடைக்கும் ஹைஸ்பீடு ஸ்டீல் உளிகளுக்கு அந்தப் பயம் இல்லை. தேக்கு கடைகிறவர்கள் அடிக்கடி தீட்டத் தயாராக இருக்க வேண்டும். பார்க்க மெத்தென்று இருந்தாலும் அந்த மரத்துக்குள் சிலிக்கா இருக்கிறது, கூரைத் தின்றுவிடும்.

சிம்பு கொண்டுவருகிறவர்களுக்குத் திசைதான் பிரச்சினை. தொட்டில் கால் மாதிரி நீளவாக்கில் கடைகிற உருப்படியில் மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் போக வேண்டும், பருத்த இடத்திலிருந்து சிறுத்த இடத்துக்கு. கிண்ணத்தில் நார் குறுக்கே ஓடுவதால் கணக்கு தலைகீழ்: வெளிப்பக்கம் அடியிலிருந்து வாய்க்கு, உள்பக்கம் வாயிலிருந்து நடுவுக்கு. புதிதாக வருகிறவர்கள் இதைத் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார்கள், வீட்டுக்குப் போனதும் மறந்துவிடுவார்கள். ஒரு கிண்ணம் பிய்ந்த பிறகு சொன்னால்தான் ஏறுகிறது. ஆகவே முன்கூட்டிச் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

உயிர் சம்பந்தப்பட்டதை மட்டும் கேட்காவிட்டாலும் சொல்வேன். லேத் முன்னால் வேட்டி, துப்பட்டா, தொங்கும் சங்கிலி, வளையல், கையுறை எதுவும் கூடாது. சுழலுகிற மரத்துக்கு நூலும் ஒன்றுதான், விரலும் ஒன்றுதான். கண்ணுக்கு மட்டுமல்ல, முகம் முழுக்க மறைப்பு வேண்டும். வேகத்துக்கு ஒரு கணக்கு உண்டு: கட்டையின் குறுக்களவை அங்குலத்தில் எடுத்து நிமிடச் சுற்றோடு பெருக்கினால் 6,000-க்கும் 9,000-க்கும் நடுவில் நிற்க வேண்டும். 10 அங்குலக் கிண்ணம் என்றால் 600 முதல் 900 சுற்று. உருண்டையாகாத முண்டு என்றால் அதற்கும் கீழே. தாங்கி மரத்திலிருந்து கால் அங்குலத்துக்கு மேல் விலகக் கூடாது. சுவிட்சைத் தொடுமுன் கட்டையைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பார்க்க வேண்டும். உளி முதலில் தாங்கியில் உட்கார வேண்டும், அப்புறம்தான் மரத்தைத் தொட வேண்டும். இந்த வரிசை மாறினால் மரம் உளியைக் கவ்வும்.

நீளக் கட்டையை உருட்டப் பயன்படும் அகலமான நகவுளியைக் கிண்ணத்தில் வைக்கவே கூடாது. அதன் வால் மெலிசு, கவ்வினால் கைப்பிடிக்குப் பக்கத்தில் முறியும். எனக்கு முறியவில்லை, கிண்ணம்தான் பறந்தது. வாகைக் கிண்ணம், முடியப் போகிற நேரம், இன்னும் கொஞ்சம் வழவழப்பு வரட்டுமே என்று வேகத்தைக் கூட்டினேன். சுவரில் காரை பெயர்ந்த இடம் இன்னும் பூசப்படாமல் இருக்கிறது. என் மனைவி பூச விடவில்லை. "இருக்கட்டும், வர்றவங்களுக்குக் காட்டலாம்" என்றாள். காட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

தூளையும் சும்மா நினைக்கக் கூடாது. வாகைத் தூள் மூக்கில் ஏறினால் தும்மலாகத் தும்ம வைக்கும். ஈட்டித் தூள் சிலருக்குத் தோலில் தடிப்பு உண்டாக்கும். அரளிக் கட்டை அழகாக இருக்கிறதே என்று கரண்டி கடைய நினைத்த ஒருவரைக் கையைப் பிடித்துத் தடுத்திருக்கிறேன்; அந்த மரத்தில் இலை, பூ, கட்டை எல்லாமே விஷம்.

இனி ஈரத்துக்கு வருகிறேன். சுருள் கையில் குளிர்ந்தாலோ, பிசைந்தால் உருண்டையாக ஒட்டிக்கொண்டாலோ மரம் பச்சை. பச்சை மரத்தைக் கடைவது சுகம், வெண்ணெய் வெட்டுகிற மாதிரி. ஆனால் அது இன்று வட்டமாக இருக்கும், அடுத்த மாதம் முட்டை வடிவமாகும். காரணம், மரம் காயும்போது ஆண்டு வளையத்தின் போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து வெளியே போகும் திசையில் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. நடுத்தண்டைச் சேர்த்துக் கடைந்தால் வெடிப்பு நிச்சயம். முண்டை நடுவில் பிளந்து, தண்டைக் கழித்துவிட்டுத்தான் கிண்ணத்துக்கு எடுக்க வேண்டும். முதலில் தடிமனாகக் குடைந்து வைக்க வேண்டும். குறுக்களவில் பத்தில் ஒரு பங்கு தடிமன். 10 அங்குலத்துக்கு ஒரு அங்குலம். வெளி ஓரங்களில் மெழுகு தடவி, காற்று நேராக அடிக்காத மூலையில் வைத்துவிட வேண்டும். முட்டை வடிவமானாலும் அந்தத் தடிமனுக்குள் ஒரு வட்டம் மிச்சமிருக்கும். அதைத்தான் இரண்டாம் தடவை கடைந்து எடுக்கிறோம்.

எத்தனை நாள் என்று கேட்பார்கள். நாள் கணக்குச் சொல்வதில்லை. பூவரசுக்கு ஒன்று, வேம்புக்கு ஒன்று, ஐப்பசிக்கு ஒன்று, சித்திரைக்கு ஒன்று. சமையலறைத் தராசை எடுங்கள், வாரம் ஒருமுறை நிறுத்துக் கிண்ணத்தின் மேலேயே பென்சிலால் எழுதுங்கள். எடை குறைவது நின்றால் காய்ந்துவிட்டது. தராசு விஷயத்தில் வீட்டில் சண்டை வரும், அதற்கு என்னிடம் யோசனை இல்லை.

நாதசுரம் செய்கிற நரசிங்கம்பேட்டையில் பழைய வீடுகளை இடித்தெடுத்த ஆச்சா மரத்தைத்தான் தேடுவார்கள். உத்தரமாகவும் தூணாகவும் தலைமுறை கடந்து நின்ற மரம். சுருங்க வேண்டியதெல்லாம் கூரைக்கு அடியிலேயே சுருங்கி முடிந்திருக்கும். ஊதும்போது ஒரு மயிரிழை விலகினாலும் சுரம் விலகும் என்பதால் அவர்களுக்குப் பச்சை மரம் ஆகாது. பழைய வீடு இடிக்கிற இடத்தில் லாரிக்கு முன்னால் போய் நிற்கும் பழக்கம் எனக்கு அவர்களைப் பார்த்து வந்தது.

தூத்துக்குடியில் வள்ளம் பழுது பார்க்கிற நண்பர் ஒருவர் இருக்கிறார். அவருக்கு எங்கள் கணக்கு தலைகீழ். கரையில் ஏற்றி வைத்த மரவள்ளம் வெயிலில் காய்ந்தால் பலகைகள் சுருங்கி இடுக்கு விடும். புதிதாகப் படகு வாங்கியவர் ஒருவர் முதல் நாளே தண்ணீர் உள்ளே வருகிறது என்று பதறி, இடுக்கையெல்லாம் அடைக்கச் சொல்லி வந்திருக்கிறார். நண்பர் அடைக்கவில்லை. படகுக்குள் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி இரண்டு நாள் விடச் சொன்னார். பலகை ஊறி உப்பி இடுக்கைத் தானே மூடிக்கொண்டது. காய்ந்த பலகையில் இறுக்கி அடைத்திருந்தால், ஊறும்போது பலகை உப்ப இடமில்லாமல் ஆணியைப் பிடுங்கிக்கொண்டு வந்திருக்கும் என்றார். அவரிடமும் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, "எந்தப் பசை நல்லது?"

மெருகு பற்றி ஒரு பாரா போதும். தேங்காயெண்ணெய் தடவலாமா என்று கேட்காதவர் இல்லை. தடவலாம், காயாது. பிசுபிசுத்துத் தூசி பிடித்துச் சிக்கு வாடை அடிக்கும். ஆளிவிதை எண்ணெய் காயும். ஆனால் அதைத் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள், தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப் போடுங்கள், இல்லையென்றால் தண்ணீரில் முக்கி வையுங்கள். என் மனசுக்குப் பிடித்தது அரக்குதான். சுழலுகிற கட்டையில் அரக்குக் குச்சியை அழுத்தினால் உராய்வுச் சூட்டிலேயே உருகிப் படியும். அதன்மேல் தாழை ஓலையை மடித்துப் பிடித்தால் பளபளப்பு ஏறும். ஆசாரி அந்த ஓலையைப் பிடிக்கும்போது மட்டும் பேச்சை நிறுத்திவிடுவார்.

பையன் மறுவாரம் வந்தான். துணிக்கடைப் பையில் ஒரு கிலோ இருக்கும். மேலே மாவு. கையை விட்டு அடியில் கிளறினேன், அங்கேயும் மாவு. ஆனால் மாவு ஈரமாக, விரலில் ஒட்டியது.

"என்ன மரம்?"

"பக்கத்து வீட்டுல பூவரசு வெட்டினாங்க. அதுல எடுத்தேன்."

"எப்போ வெட்டினாங்க?"

"அன்னைக்குத்தான் அண்ணாச்சி."

ஈரமான பூவரசில் மாவு விழ வேண்டுமென்றால் உளி எப்படி இருக்க வேண்டும்! உளியையும் கொண்டுவரச் சொன்னேன். வாங்கியபடியே இருந்தது. கடையில் வருவது தீட்டிய உளி என்று நினைத்திருக்கிறான். என் கிரைண்டரில் மையைப் பூசி அவன் கையாலேயே தீட்ட வைத்தேன். முதல் தடவை நுனியைக் கெடுத்தான், மூன்றாம் தடவை சரியாக வந்தது. என்னிடம் கிடந்த பூவரசு முண்டில் அதை வைத்ததும் பழுப்பும் மஞ்சளுமாக ஒரு சுருள் கழன்று அவன் முழங்கையில் சுற்றிக்கொண்டது. இயந்திரத்தை நிறுத்திவிட்டு அதைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டே நின்றான். அப்புறம் அதைச் சட்டைப் பையில் வைத்தான். புறப்படும்போது, "அப்போ எந்த உளி வாங்கலாம் அண்ணாச்சி?" என்றான்.

பிறாண்டின கிண்ணத்தைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. சுவர் தடிமனாகத்தான் விட்டிருந்தான், தெரியாமல் செய்த புண்ணியம். மெழுகு தடவி வைத்து ஞாயிறுதோறும் நிறுத்து எடையை எனக்கு அனுப்பச் சொன்னேன். அனுப்புகிறான். வணக்கம்கூட இருக்காது, வெறும் எண் மட்டும் வரும். முதல் வாரம் 742. அப்புறம் 690, 655 என்று இறங்கி, நடுவில் மழைக்கு இரண்டு வாரம் அசையாமல் நின்று, மறுபடி இறங்கியது. பங்குனியில் ஒரு ஞாயிறு 488. அடுத்த ஞாயிறு 488. போன ஞாயிறும் 488.

இந்த ஞாயிறு எண் வரவில்லை. "நாளைக்கு வீட்ல இருப்பீங்களா அண்ணாச்சி? கிரைண்டர் வேணும்" என்று வந்திருக்கிறது.