புதுப்பேட்டைக்குப் போகும் முன் பானட்டைத் திறங்க!

சென்னை எழும்பூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், கூவம் கரையோரம் இருக்கிறது புதுப்பேட்டை. கதவு, பம்பர், கியர்பாக்ஸ் எனப் பிரித்துப்போட்ட கார்கள் கடை வாசல் வரை குவிந்திருக்கும். காற்றிலேயே கிரீஸ் வாசனை!

இங்கே வந்து, ``அம்பாசிடர் இன்ஜின் வேணும்'' என்று மட்டும் சொன்னால் போதாது. ``எந்த இன்ஜின் சார்?'' என்பதுதான் முதல் கேள்வி.

2014 வரை தயாரான அம்பாசிடரின் முகம் பெரிதாக மாறவே இல்லை. ஆனால், உள்ளே 1,489 சி.சி பெட்ரோல், டீசல், 1990-களில் வந்த 1.8 லிட்டர் இசுஸு பெட்ரோல், பிறகு 2 லிட்டர் இசுஸு டீசல் எனப் பல இதயங்கள். ஒன்றின் மவுன்டிங்கும் கியர்பாக்ஸும் இன்னொன்றுக்கு அப்படியே பொருந்தாது.

ஆர்.சி புக்கை மட்டும் நம்பவும் முடியாது. மேட்டடார் டீசல் இன்ஜினுக்கு மாறிய அம்பாசிடர்களும் உண்டு. அதனால் பிளாக்கில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, அதில் அடித்திருக்கும் எண்ணை ஆர்.சி-யோடு ஒப்பிடுங்கள். ஸ்பார்க் பிளக் ஒயர்கள் தெரிந்தால் பெட்ரோல். இன்ஜெக்டர் குழாய்கள் என்றால் டீசல். மவுன்டிங், கியர்பாக்ஸ் இணையும் இடம் இரண்டையும் மொபைலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

வாங்கும் இன்ஜினிலும் எண்ணைப் பாருங்கள். அது ராவப்பட்டிருந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். திருட்டு வண்டியுடையதாக இருக்கலாம். பில் கட்டாயம். மாற்றியதும் ஆர்.டி.ஓ அலுவலகத்தில் தெரிவித்து, புது எண்ணை ஆர்.சி-யில் ஏற்றுங்கள். பெட்ரோலிலிருந்து டீசல் என்றால், மாற்றும் முன்பே அனுமதி வாங்க வேண்டும்.

தாத்தா ஓட்டிய வண்டி மறுபடி தெருவுக்கு வரட்டும், முறையான காகிதங்களோடு!