அன்று பேருந்து காவல் நிலையத்துக்குச் சென்றது

டெல்லியில் ஒரு குளிர்கால மாலை. ஆவணக் காப்பகத்திலிருந்து விடுதிக்குத் திரும்பிய முனைவர் பட்ட ஆய்வாளர் ஒருவர் நெரிசல் மிகுந்த நகரப் பேருந்தில் நின்றிருந்தார். அருகில் நின்ற ஆணின் கை தம் மார்பின்மீது பட்டது தற்செயலன்று என்பதை மூன்றாம் முறைதான் அவரால் உறுதிசெய்துகொள்ள முடிந்தது. முதல் இரண்டு முறையும் அவர் செய்தது பெண்கள் அறிந்ததே: கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, தம் ஐயத்தையே ஐயுற்றார். மூன்றாம் முறை அந்தக் கையைப் பற்றிக்கொண்டு உரக்கக் கத்தினார்.

சில நொடிகள் அமைதி. பிறகு, 'ஜானே தோ' என்ற குரல்கள். 'போகட்டும், விடு' என்று பொருள். அதை ஒருவரும் அந்த ஆணிடம் சொல்லவில்லை. எல்லோரும் அவரிடமே சொன்னார்கள்.

அவர் நடத்துநரிடம் கேட்டது ஒன்றுதான்: வண்டியை அருகிலுள்ள காவல் நிலையத்துக்கு விடவேண்டும். வேண்டுகோள் விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் அதற்கு உச்ச நீதிமன்றத்தின் ஆணை இருக்கிறது. 1999இல் தென்காசிப் பேருந்து நிலையத்தில் ஒரு பெண்ணிடம் தகாத முறையில் நடந்துகொண்டதாகத் துறை விசாரணைக்குப் பின் பணிநீக்கம் செய்யப்பட்ட காவலரின் வழக்கில், 2012 நவம்பர் 30 அன்று அந்நீதிமன்றம் நாடு முழுமைக்குமான சில வழிகாட்டுதல்களைப் பிறப்பித்தது. பொதுப் போக்குவரத்து வண்டியில் இத்தகைய சீண்டல் நிகழ்ந்து, பாதிக்கப்பட்டவர் முறையிட்டால், ஊழியர்கள் வண்டியை அருகிலுள்ள காவல் நிலையத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும். தவறினால் வண்டியின் அனுமதி ரத்தாகலாம். (குற்றத்தைக் 'கேலி' என்று குறைத்துக் காட்டும் 'ஈவ் டீசிங்' என்ற சொல்லையே அத்தீர்ப்பும் கையாண்டது என்பது தனிக் கதை.)

நடத்துநர் இதைக் கேள்விப்பட்டதில்லை. ஓட்டுநரும் அப்படியே. ஆயினும் ஓட்டுநர் ஒரு கணம் யோசித்துவிட்டு வண்டியைத் திருப்பினார். உடனே முணுமுணுப்பு எழுந்தது. ஒருவர் மருத்துவமனைக்குப் போகவேண்டும். ஒரு பையனுக்குப் பயிற்சி வகுப்பு. அவர்களைக் கல்நெஞ்சர் என்று எழுதிவிடுவது எளிது. தொடுகை நீடித்தது சில நொடிகள். முறையீடு விழுங்குவதோ மணிக்கணக்கான நேரம். அந்த நேரம் பிறருக்கும் சொந்தமானது. காவல் நிலைய வாயிலில் வண்டி நின்றபோது ஏறத்தாழ எல்லோரும் இறங்கிப் போனார்கள். ஊழியர்கள் இருவரையும் தவிர எஞ்சியவர் ஒருவரே: நான்கு வீடுகளில் வேலை முடித்துத் திரும்பிக்கொண்டிருந்த நடுவயதுப் பெண்மணி. "நான் பார்த்தேன், சொல்கிறேன்" என்றார். ஆய்வாளர் அவரை 'தீதி' என்று அழைத்தார்.

உள்ளே முதல் தடை எல்லை. சம்பவம் வேறு நிலையத்தின் பகுதியில் தொடங்கியது என்றார் பணியிலிருந்த அலுவலர். எந்த எல்லையில் நிகழ்ந்திருந்தாலும் தகவலைப் பதியவேண்டும் என்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு. இத்தகைய குற்றங்களில் பெண் காவலரே அதைப் பதிய வேண்டும். பதிய மறுக்கும் அலுவலருக்கு ஆறு மாதத்துக்குக் குறையாத சிறை என்கிறது பாரதிய நியாய சன்ஹிதாவின் 199. இவற்றை எடுத்துரைத்தவர், தொலைபேசி அழைப்பைக் கேட்டு ஓடிவந்த பேராசிரியை; பல்கலைக்கழக உள்ளகப் புகார்க் குழுவின் உறுப்பினர். நகரப் பேருந்தில் நடந்ததை அக்குழு விசாரிக்க இயலாது; பலர் அவ்வளவோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனால் மாணவர் காவல் துறையில் முறையிட விரும்பினால் உதவுவதும் குழுவின் பொறுப்பு என்று 2015ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழு விதிமுறைகள் கூறுகின்றன. அந்த வரியைப் படித்திருந்த ஒருவர் கிடைத்தது நற்பேறு.

இரண்டாம் தடை மொழி. ஆய்வாளருக்கு இந்தி பேசவரும்; எழுத வராது. பெண் காவலர் எழுதி வாசித்துக் காட்டியதில் 'சேட்சாட்' என்ற ஒற்றைச் சொல்லே இருந்தது. முறைத்துப் பார்ப்பது முதல் உடலைப் பற்றுவது வரை அனைத்தையும் மூடிவிடும் போர்வைச் சொல் அது. எந்தக் கை, உடலின் எந்தப் பகுதி, எத்தனை முறை என்று எழுதும்படி அவர் வற்புறுத்தினார். வெறும் சொல்லாலோ சைகையாலோ நிகழ்ந்த அவமதிப்பு எனில் 79ஆம் பிரிவு. உடல்மீது வன்செயல் எனில் 74, ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை சிறை. அந்நியர் நிறைந்த அறையில் தம் உடலுறுப்பின் பெயரை இரண்டாம் முறை உரக்கச் சொன்ன அந்தக் கணமே பேருந்தில் நடந்ததைவிடக் கொடியது என்று அவர் பிறகு தோழியரிடம் சொன்னார். அப்போது அவரது தோள்மீது தீதியின் கை இருந்தது.

முதல் தகவல் அறிக்கையின் நகல் கட்டணமின்றிக் கைக்கு வந்தபோது இரவு பத்து மணி. தீதி அடுத்தடுத்த வாரங்களில் இரண்டு நாள் கூலியை இழந்து வாக்குமூலம் அளிக்க வந்தார். அத்தொகையைக் கொடுத்துவிட ஆய்வாளர் விரும்பினார்; பேராசிரியை தடுத்தார். சாட்சிக்குப் பணம் கொடுத்ததாகக் குறுக்கு விசாரணையில் திரித்துக் கேட்பார்கள். எனவே கடன் கடனாகவே நிற்கிறது.

வழக்கு இன்னும் நிலுவையில் இருக்கிறது. பெற்றோரிடம் அவர் இன்றுவரை சொல்லவில்லை. ஞாயிறுதோறும் தீதியிடமிருந்து அழைப்பு வருகிறது. சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு, தேதி வந்ததா என்று கேட்கிறார்.