லுட்விகா சுமந்து வந்த இதயம்: வார்சோ நகரில் இரண்டு நாட்கள்

போலந்து நாட்டின் தலைநகரமான வார்சோ, விஸ்துலா ஆற்றின் கரையில் அமைந்துள்ளது. ஐரோப்பாவைச் சுற்றிப் பார்க்க விரும்புபவர்கள் பெரும்பாலும் பரிஸ், ரோம், வியன்னா என்றுதான் செல்வார்கள். நான் வார்சோவுக்குப் போகிறேன் என்றதும், “அங்கே பார்க்க என்ன இருக்கிறது?” என்று என்னுடன் இசை பயிலும் தோழிகளே கேட்டார்கள். பியானோ பயில்பவர்களுக்கு அங்கே போக ஒரு காரணம் உண்டு. பிரெடெரிக் ஷொப்பான் வளர்ந்த நகரம் அது. அவர் தனது மூத்த சகோதரி லுட்விகாவுக்காக எழுதிய ஒரு சிறிய இசைக் கோவையைத்தான் நான் அப்போது பயின்றுகொண்டிருந்தேன். பெர்லினிலிருந்து புகையிரதத்தில் ஏறக்குறைய ஆறு மணித்தியாலப் பயணம். ஒரு வெள்ளிக்கிழமை மாலை போய்ச் சேர்ந்தேன்.

மறுநாட்காலை பழைய நகரச் சதுக்கத்துக்குச் சென்றேன். நான்கு பக்கமும் மஞ்சள், செம்மண், பச்சை நிறங்களில் ஒடுங்கி உயர்ந்த வீடுகள். நடுவிலே வாளும் கேடயமும் ஏந்திய கடற்கன்னியின் சிலை. அதுவே இந்நகரின் சின்னம். வீடுகளைப் பார்த்தால் முந்நூறு ஆண்டுகள் பழைமையானவை என்றே எண்ணத் தோன்றும். உண்மையில் அவை என் அம்மம்மாவை விட வயதில் இளையவை.

1939 செப்டெம்பரில் ஜேர்மனி போலந்தின் மீது படையெடுத்தது. ஐந்து ஆண்டு ஆக்கிரமிப்பின் பின், 1944 ஓகஸ்ட் 1ஆம் திகதி வார்சோ மக்கள் ஆயுதம் ஏந்திக் கிளர்ந்தெழுந்தார்கள். 63 நாட்கள் நீடித்த அந்த எழுச்சியில் ஒன்றரை இலட்சத்துக்கும் குறையாத பொதுமக்கள் மாண்டார்கள். எஞ்சியோர் நகரை விட்டு வெளியேற்றப்பட்டனர். அதன் பின்னர் ஜேர்மனியப் படைப்பிரிவுகள் ஆளில்லாத வீடுகளைத் தெருத்தெருவாக எரித்தும் வெடிவைத்தும் அழித்தன. 1945 ஜனவரியில் சோவியத் படைகள் நுழைந்தபோது நகரின் ஏறக்குறைய 85 வீதமான கட்டடங்கள் அழிந்திருந்தன. தலைநகரை வேறோர் இடத்துக்கு மாற்றிவிடலாமா என்றுகூட அக்காலத்தில் யோசித்தார்கள். ஆனால் மக்கள் யாரையும் கேட்கவில்லை. மூட்டை முடிச்சுகளுடன் திரும்பி வந்து, இடிபாடுகளுக்குள்ளேயே குடியேறத் தொடங்கிவிட்டார்கள்.

பழைய வீடுகளை எப்படி அப்படியே திரும்பக் கட்டினார்கள்? போருக்கு முன்னர் அங்குள்ள பொலிதெக்னிக்கின் கட்டடக்கலைப் பிரிவு ஆசிரியர்களும் மாணவர்களும் பழைய கட்டடங்களை அளந்து வரைபடங்கள் தயாரித்திருந்தனர். ஆக்கிரமிப்புக் காலத்தில் அவற்றை ஒளித்துக் காப்பாற்றினர். 18ஆம் நூற்றாண்டில் பெலொட்டோ என்ற இத்தாலிய ஓவியர் மன்னருக்காக வரைந்த நகரக் காட்சிகளும் உதவின. இடிபாடுகளில் பொறுக்கிய செங்கற்களும், வேறு நகரங்களிலிருந்து கொண்டுவந்த செங்கற்களும் சேர்ந்து, 1953 ஜூலையில் சதுக்கம் திறக்கப்பட்டது. 1980இல் யுனெஸ்கோ இதனை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. ஓவியத்தைப் பார்த்துக் கட்டியதால் 1939இல் இருந்ததை விடவும் அழகாகக் கட்டிவிட்டார்கள் என்று குறை சொல்வோரும் இருக்கிறார்கள். எனக்கு அது குறையாகப் படவில்லை. இழந்த வீட்டை நினைக்கும்போது யார்தான் அதன் ஒழுக்குக் கூரையை நினைக்கிறார்கள்?

பழைய நகர மதிலருகே ஒரு சிறுவனின் சிலை நிற்கிறது. தலையை மூடும் பெரிய இரும்புத் தொப்பி, கையில் துப்பாக்கி, காலில் அளவில்லாத சப்பாத்து. எழுச்சியில் பங்குகொண்ட சிறுவர்களின் நினைவாக 1983இல் வைத்தார்களாம். பாடசாலைப் பிள்ளைகள் வரிசையாக வந்து பூ வைத்துவிட்டுப் போனார்கள். அவர்களின் ஆசிரியை பெருமையோடு ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். என்னால் அந்தப் பெருமையில் பங்குகொள்ள முடியவில்லை. அந்தத் தொப்பியை அவன் தலையில் வைத்தபோது அவனுடைய தாய் எங்கே நின்றாள் என்றுதான் யோசனை ஓடியது.

மதியம் ‘பால் கடை’ என்று பொருள்படும் பெயர் கொண்ட மலிவு உணவகம் ஒன்றில் சாப்பிட்டேன். அரசின் மானியத்தில் நடப்பவை இவை. உருளைக்கிழங்கும் தயிர்க்கட்டியும் உள்ளே வைத்து அவித்த பியரோகி, எங்கள் கொழுக்கட்டைக்குத் தூரத்து உறவு. மாணவியின் கைக்காசுக்கு ஏற்ற இடம்.

அங்கிருந்து பெருந்தெரு வழியே நடந்தால் திருச்சிலுவைத் தேவாலயம் வரும். இடையில் சில கல் வாங்குகளில் ஒரு பொத்தானை அழுத்தினால் ஷொப்பானின் இசை ஒலிக்கும். 2010இல், அவர் பிறந்து 200 ஆண்டுகள் நிறைவுற்றபோது அமைக்கப்பட்டவை. தேவாலயத்தினுள்ளே இடப்புறத் தூண் ஒன்றில் வெள்ளைப் பளிங்குப் பலகை பதித்திருக்கிறது. அதற்குப் பின்னால், கண்ணாடிப் பாத்திரம் ஒன்றில் ஷொப்பானின் இதயம் இருக்கிறது.

ஷொப்பான் 1830 நவம்பரில், இருபது வயதில், கச்சேரி செய்வதற்காக வார்சோவை விட்டுப் புறப்பட்டார். சில வாரங்களில் ரஷ்ய ஆட்சிக்கு எதிரான எழுச்சி மூண்டது. அதன் பிறகு அவர் ஊர் திரும்பவே இல்லை. பரிசில் வாழ்ந்து, நோயில் விழுந்தபோது அக்காவை வரச்சொல்லிக் கடிதம் எழுதினார். லுட்விகா 1849 ஓகஸ்டில் பரிசுக்குப் போய் அவரைப் பராமரித்தாள். ஒக்டோபர் 17ஆம் திகதி, 39 வயதில் அவர் இறந்தார். உடல் பரிசில் அடக்கம் செய்யப்பட்டது. தன் இதயமாவது ஊருக்குப் போக வேண்டுமென்பது அவரது விருப்பம். அதை மதுசாரத்தில் இட்டு மூடிய பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு, லுட்விகா பனிக்காலத்தில் ஐரோப்பாவின் குறுக்கே ஊர் திரும்பினாள். எல்லையில் ரஷ்யக் காவலர்கள் கண்டுபிடிக்காதபடி பாவாடைக்குள் மறைத்து வைத்திருந்தாள் என்று சொல்வார்கள். சோதனைச் சாவடியைத் தாண்டும்போது நெஞ்சு எப்படி அடித்துக்கொள்ளும் என்பதை இந்தப் பக்கங்களைப் படிக்கும் சகோதரிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. காணி உறுதியையும் கலியாணப் படத்தையும் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு ஓடியவர்கள் நீங்கள்.

லுட்விகா வெறுமனே ‘ஷொப்பானின் அக்கா’ அல்ல. அவளும் பியானோ வாசித்தாள். தம்பி அச்சிடாமல் விட்டுச்சென்ற கோவைகளைத் தேடி, ஒவ்வொன்றின் முதல் வரியையும் குறித்து, ஒரு பட்டியல் தயாரித்தவள் அவளே. 1855இல் அவளும் இறந்துவிட்டாள். எட்டு ஆண்டுகள் கழித்து, இதே தெருவின் தொடர்ச்சியில் இருக்கும் சமோய்ஸ்கி மாளிகையில் குடியிருந்த தங்கை இசபெலாவின் வீட்டை ரஷ்யப் படையினர் சூறையாடினார்கள். ஆளுநர் மீது குண்டு வீசியதற்குப் பழிவாங்கலாக அந்தக் கட்டடத்தைச் சூறையாடியபோது, ஷொப்பான் இளமையில் வாசித்த பியானோ யன்னலால் தெருவில் எறியப்பட்டது. அவரது கடிதங்கள் தீயில் போயின. தப்பிய இதயம் பின்னர் இந்தத் தூணில் வைக்கப்பட்டது. 1944 எழுச்சியின்போது ஜேர்மனியர் அதை எடுத்துச் சென்று, பின் ஆயர் ஒருவரிடம் கையளித்தனர். 1945 ஒக்டோபர் 17இல், அவர் இறந்த அதே நாளில், இடிந்து கிடந்த தேவாலயத்துக்கு அது திரும்பி வந்தது.

இனி அந்தச் சிறிய கோவையின் கதை. 1830இல் ஷொப்பான் வெளிநாட்டிலிருந்து அதை எழுதி வீட்டுக்கு அனுப்பினார். தனது பெரிய கொன்செர்ட்டோவைப் பயிலத் தொடங்கும் முன் அக்கா கைப்பழக்கத்துக்கு வாசிக்கட்டும் என்பதே நோக்கம். சி ஷார்ப் மைனர் நொக்டேர்ன் என்பது அதன் பெயர். நொக்டேர்ன் என்றால் இரவுக்குரிய இசை. வாசிக்க நான்கு நிமிடம் போதும். அவர் வாழும் காலத்தில் அது அச்சாகவே இல்லை. வீட்டுக்குள் இருந்த தாள் அது.

1939 செப்டெம்பர் 23ஆம் திகதி வார்சோ வானொலியில் விளாடிஸ்லாவ் ஷ்பில்மான் என்ற யூத இளைஞர் பியானோவில் இதை வாசித்தார். வெளியே குண்டுகள் விழுந்துகொண்டிருந்தன. அன்றுடன் வானொலி மௌனமானது. பெற்றோர், ஒரு சகோதரர், இரு சகோதரிகள் என அவர் குடும்பம் முழுவதும் பின்னர் கொல்லப்பட்டது. 1944 நவம்பரில், ஆளற்ற நகரில் பாழடைந்த வீடொன்றில் உணவு தேடிக்கொண்டிருந்த அவரை வில்ம் ஹோசன்பெல்ட் என்ற ஜேர்மனிய அதிகாரி கண்டுபிடித்தார். பியானோ வாசிப்பவர் என்றதும் வாசித்துக் காட்டச் சொன்னார். விறைத்துப் போன, அழுக்கேறிய விரல்களால் ஷ்பில்மான் வாசித்தது இதே நொக்டேர்னைத்தான். அதிகாரி அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஒளிந்திருக்க உதவி செய்து, உணவும் கொண்டுவந்து கொடுத்தார். 2002இல் வெளிவந்த ‘தி பியானிஸ்ட்’ திரைப்படத்தில் இக்காட்சி வருகிறது; ஆனால் படத்தில் வேறொரு கோவையை வைத்துவிட்டார்கள். எனக்கு அதில் இன்றும் மனக்குறைதான். போர் முடிந்து ஷ்பில்மான் மீண்டும் அதே வானொலியில் பணியாற்றி, 2000ஆம் ஆண்டு வரை வார்சோவிலேயே வாழ்ந்தார். ஹோசன்பெல்ட் 1952இல் சோவியத் சிறையில் இறந்தார்.

அந்தச் சந்திப்பு நிகழ்ந்த வீடு சுதந்திர நெடுஞ்சாலை 223ஆம் இலக்கத்தில் இருக்கிறது. மாலையில் ட்ராம் ஏறிப் போய்ப் பார்த்தேன். சாதாரண மாடிக் குடியிருப்பு. சுவரில் ஒரு நினைவுப் பலகை. யாரோ கடைச் சாமான் பையுடன் உள்ளே போனார். வெளியே நின்ற என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை.

ஞாயிறு காலை முரனூவ் பகுதிக்குச் சென்றேன். பழைய நகரத்திலிருந்து நடந்துபோகும் தூரம்தான். ஆனால் அங்கே பழைய வீடு ஒன்றுகூடத் திரும்பக் கட்டப்படவில்லை. போர்க்காலத்தில் நாலு இலட்சத்துக்கும் மேற்பட்ட யூத மக்களை மதிலெழுப்பி அடைத்து வைத்த பகுதியின் பெரும்பாகம் இது. 1942 கோடையில் மட்டும் இரண்டரை இலட்சம் பேர் வரை திரெப்லிங்கா கொலைமுகாமுக்கு ஏற்றிச் செல்லப்பட்டனர். 1943 எழுச்சிக்குப் பின் பகுதி முழுவதும் தரைமட்டமாக்கப்பட்டது. அள்ள முடியாத அளவு இடிபாடு கிடந்ததால், அதையே நொறுக்கிக் கற்களாக வார்த்து, மீதியை மேடாக்கி, அந்த மேட்டின் மேல் புதிய குடியிருப்புகளைக் கட்டினார்கள். இன்றும் பல வீடுகளுக்குப் படியேறித்தான் போக வேண்டும். அந்தப் படிகளுக்குக் கீழே இருப்பது பழைய தெரு. சதுக்கத்து வீடுகளைத் திரும்பக் கேட்க ஆட்கள் வந்தார்கள். இங்கே கேட்பதற்குத் திரும்பி வந்தவர்கள் மிகச் சிலரே.

அச்சிலரில் ஒருத்தி ராகெலா அவுர்பாக். எழுத்தாளரான அவள், மதிலுக்குள் பட்டினி கிடந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றும் சமையற்கூடத்தை நடத்தினாள். இம்மானுவேல் றிங்கல்புளும் என்ற வரலாற்றாசிரியர் இரகசியமாகத் திரட்டிய ஆவணங்களுக்காக, அங்கு சாப்பிட வந்தவர்களைப் பற்றியும் எழுதிக் கொடுத்தாள். நாட்குறிப்புகள், பங்கீட்டு அட்டைகள், பிள்ளைகளின் கட்டுரைகள் எல்லாம் தகரப் பெட்டிகளிலும் பால் கான்களிலும் அடைத்துப் புதைக்கப்பட்டன. அந்தக் குழுவில் போரின் பின் உயிரோடு எஞ்சியோர் மூவர் மட்டுமே. இடிபாட்டுக்கடியில் அவை இருக்கின்றன, தோண்டுங்கள் என்று அவுர்பாக் விடாது வலியுறுத்தினாள். 1946இலும் 1950இலும் இரு தொகுதிகள் கிடைத்தன. யூத வரலாற்று நிறுவகத்தில் துருப்பிடித்த அந்தப் பால் கான்களில் ஒன்றை வைத்திருக்கிறார்கள். பால்காரர் கொண்டுவருவது போன்ற வெறும் கான்தான். வெகுநேரம் அதன் முன் நின்றேன்.

பிற்பகல் நாலு மணிக்கு வாஜென்கி பூங்காவில் கச்சேரி. காற்றில் வளைந்த மரத்தின் கீழ் ஷொப்பான் அமர்ந்திருக்கும் பெரிய வெண்கலச் சிலை அங்கே உண்டு. 1940இல் ஜேர்மனியர் அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். 1958இல் மீண்டும் வார்த்து நிறுத்தினார்கள். மறு ஆண்டிலிருந்து கோடைகால ஞாயிறுகளில் சிலையடியில் பியானோ இசை நடைபெற்று வருகிறது. கட்டணம் இல்லை. புல்லில் துணி விரித்துக் குழந்தைக்குப் பால் கொடுத்தபடி ஒரு தாய் இருந்தாள். பக்கத்தில் இரண்டு முதிய பெண்கள் பலகாரப் பெட்டியைத் திறந்து எனக்கும் ஒரு துண்டு தந்தார்கள். அன்று வாசித்தவரும் ஓர் இளம் பெண்தான். நான் எதிர்பார்த்த நொக்டேர்னை அவள் வாசிக்கவில்லை. கிராமத்து நடன மெட்டில் அமைந்த மசூர்காக்களை வாசித்தாள். நடுவில் மழை தூறியது. குடைகள் விரிந்தன. ஒருவரும் எழுந்து போகவில்லை.