மாமா விதைத்த காணம்

என் மாமா பரம சாது என்று ஊரில் பெயர். அப்படிப்பட்டவர் ஒரு வருஷம் மான்களுக்கென்றே ஒரு பயிர் வைத்தார் என்றால், கேட்பவர்களுக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். அவரிடம் லைசென்ஸ் உள்ள துப்பாக்கியும் ஒன்று இருந்தது.

எங்களுக்கு ராதாபுரம். செம்மண்ணும் பனையுமாக வானம் பார்த்த பூமி. மாமாவுக்கு மேற்கே, பணகுடிப் பக்கம், மகேந்திரகிரி அடிவாரத்தில் கொஞ்சம் புஞ்சை இருந்தது. 1962-ஆம் வருஷம் கார்த்திகையில் அதன் ஒரு மூலையைக் கொத்திக் காணம் விதைத்தார். மற்ற ஜில்லாக்காரர்கள் கொள்ளு என்பதைத்தான் நாங்கள் காணம் என்போம். விதையைத் தூவியவன் நான். எனக்கு வயது பன்னிரண்டு.

"இம்புட்டுக் காணம் மாட்டுக்குக் காணாதே மாமா?"

"மாட்டுக்கு யாருலே விதைச்சா? மிளாவுக்கு."

தை பிறந்தால் மலையில் புல் காயத் தொடங்கும். அப்போது கீழே ஒரு துண்டு பச்சை நின்றால் போதும், மிளா இறங்கிவிடும். இதுதான் மாமாவின் கணக்கு. முதல் பத்து நாள் அவர் துப்பாக்கியைத் தொடவே இல்லை. தின்று பழகட்டும் என்று விட்டார். காலையில் போய்க் குளம்புத் தடத்தை எண்ணிச் சொல்வது என் உத்தியோகம். வாடைக்காற்று வடக்கிலிருந்து வீசியதால், மனித வாடை மிளாவுக்கு எட்டாதபடி தெற்கு வரப்பில் பரண் கட்டினார். ஒரு நிலா இரவில் காரியம் முடிந்தது. விழுந்தது நல்ல ஆண் மிளா. மறுநாள் அத்தை வைத்த குழம்பை நான் மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அதை மறைப்பானேன்?

மாசியில் அடுத்த புஞ்சைக்காரர் வீட்டுக்கு வந்தார். உள்ளே கூப்பிட்டும் வராமல் முற்றத்திலேயே நின்றார்.

"அண்ணாச்சி, உங்க துப்பாக்கிக்கு ஒரு மிளா கிடைச்சிட்டு. மிச்சமெல்லாம் வழி படிச்சுக்கிட்டு என் பயத்தங்காட்டுல நிக்குது. எனக்குத் துப்பாக்கி கிடையாது, ஒரு தகர டின்னுதான் இருக்கு."

மாமா பதில் பேசவில்லை. அந்த வருஷம் அவர் வீட்டுக்கு இரண்டு கோட்டை நெல் அனுப்பினார். மிளாக்களுக்கு அந்த ராஜி தெரியவில்லை. மறு வருஷமும் வந்தன.

அமெரிக்காவில் இது ஒரு பெரிய கலை என்று பிற்பாடு படித்தேன். மணப்புல், ஓட்ஸ், டர்னிப் என்று மானுக்குப் பிடித்ததையெல்லாம் பாத்தி கட்டிப் பயிரிடுகிறார்கள். மக்காச்சோளத்தைக் குவித்து வைத்துச் சுடக்கூடாது என்று சட்டம் போட்ட சில மாநிலங்களில்கூட, பயிராக வளர்த்துச் சுட்டால் தடை இல்லையாம். கொட்டிவைத்தால் தூண்டில், விதைத்தால் விவசாயம்! மனிதன் மனச்சாட்சிக்குத்தான் எத்தனை வரப்புகள்!

எங்கள் பக்கத்து வள்ளியூரில் குகைக்குள் முருகன் கோயில் இருக்கிறது. அங்கே போகும்போதெல்லாம் எனக்கு வள்ளியின் தினைப்புனம் நினைவுக்கு வரும். மானின் வயிற்றில் பிறந்தவள் என்று புராணம் சொல்லும் அந்தப் பெண், பரண்மேல் நின்று ஆலோலம் பாடிக் கவண்கல் எறிந்தாள். மாமாவும் பரண்மேல்தான் இருந்தார். ஆனால் மூச்சுக்கூட விடவில்லை. கல்லெறிந்து விரட்டுகிறவள் "இது என்னுடையது, போ" என்று சொல்லிவிடுகிறாள். போன உயிர் பிழைக்கிறது. பேசாமல் ஊட்டுகிற கையைத்தான் பயப்பட வேண்டியிருக்கிறது.

1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மாமா துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டார். இப்போது கங்கைகொண்டானில் புள்ளிமானுக்கும் வல்லநாட்டில் வெளிமானுக்கும் சரணாலயங்கள் இருக்கின்றன, சந்தோஷம். அடிவாரத்துக் குடியானவர்கள் மட்டும் இன்றும் ராத்திரிக் கண்விழித்து மிளாவோடும் பன்றியோடும் மல்லுக்கட்டுகிறார்கள்.

அவர்கள் தகரம் தட்டும் சத்தம் கேட்டால், தடம் எண்ணிய அந்தப் பையனை நினைத்து எனக்குக் குழம்பின் ருசி மறந்துபோகிறது.